பூட்டிய கடையும் பசித்த தெருவும்: வெள்ளத்தில் எடுப்பது எப்படி, எழுதி வைப்பது எப்படி

மூன்று நாளாக மின்சாரம் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். நிவாரணப் படகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட மாடியில் நாற்பது பேர், அதில் கைக்குழந்தைகள் மூன்று. தெருமுனை மளிகைக்கடை பூட்டிக் கிடக்கிறது. கடைக்காரர் மழை பிடித்த அன்றே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். பூட்டை உடைக்கலாமா?

உடைக்கலாம். ஆனால் எடுப்பதைக் கடனாக எடுக்க வேண்டும். கடன் என்றால் யாருடைய பொருள், யார் வாங்கியது, எவ்வளவு, எப்போது திருப்புவது என்ற நான்கும் தெரிந்திருக்கும். இதில் ஒன்று விடுபட்டாலும் சூறையாடியவர்கள் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

அந்தப் பெயர் யார்மேல் ஒட்டும் என்பதும் எல்லோருக்கும் ஒன்றுபோல நடப்பதில்லை. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப்போட்ட மறுநாள், இரண்டு செய்தி நிறுவனங்கள் இரண்டு புகைப்படங்களை வெளியிட்டன. இரண்டிலும் மார்பளவு தண்ணீரில் உணவுப் பொருளோடு நடக்கும் மனிதர்கள். கறுப்பின இளைஞர் கடையைச் 'சூறையாடிவிட்டு' வருவதாக ஒரு படக்குறிப்பு சொன்னது. வெள்ளையர் இருவர் ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வருவதாக இன்னொன்று சொன்னது. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்கு ஒரு வாரம் கழித்து, இடிந்த கடையிலிருந்து சட்டம் போட்ட சுவர்ப்படங்களை எடுத்துக்கொண்டு போன 15 வயதுச் சிறுமி போலீஸ் குண்டு பட்டு இறந்தாள். நம் ஊரிலும் ஏழை, வெளியூர்க்காரர், குறிப்பிட்ட தெருக்காரர் என்றால் சந்தேகம் முதலில் அவர்கள் மேல்தான் விழும். அதனால் கீழே சொல்லும் கணக்கு வேலையைச் சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பூட்டில் கை வைக்கும் முன்

முதலில் வீடுகளில் இருப்பதைத் திரட்டுங்கள். மேல்மாடி வீடுகளில் ஒரு வாரத்துக்கான அரிசி பெரும்பாலும் இருக்கும். எதிர்வீட்டில் ஒரு மூட்டை கிடக்கும்போது கடைப் பூட்டை உடைத்தால் அதை வேறு வழியில்லாமல் செய்தது என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிய திருச்செந்தூர் ரயிலின் பயணிகள் சுமார் 800 பேர். மீட்புப் படை வந்து சேரும்வரை பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள்.

அடுத்து, கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. வி.ஏ.ஓ., வார்டு கவுன்சிலர், வியாபாரிகள் சங்கம், பால் போடுபவர் என்று யாரிடமாவது கடைக்காரர் எண் இருக்கும். கடைப் பெயர்ப் பலகையிலும், யார் வீட்டிலாவது கிடக்கும் பழைய பில்லிலும் இருக்கும். போன் அழைப்பு போகாத நேரத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு. இப்படி அனுப்புங்கள்: 'பள்ளி மாடியில் 40 பேர், 3 கைக்குழந்தை. சாப்பாடு இல்லை. உங்கள் கடையில் அரிசி, பருப்பு, பால்பவுடர் எடுக்க வேண்டியிருக்கிறது. எழுதி வைத்து, பணம் தருவோம். சரி என்றால் பதில் போடுங்கள்.' அனுப்பிய நேரத்தோடு திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

பெரும்பாலான கடைக்காரர்கள் 'எடுத்துக்கோங்க' என்றுதான் சொல்வார்கள். வேண்டாம் என்று சொன்னால்? அரிசிக்காக மீற வேண்டாம். வேறு கடை, வேறு வழி பாருங்கள். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குப் பால்பவுடர், சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் என்று உயிர் தொங்கும் இடத்தில் மட்டும் அவர் மறுப்பையும் தாண்டி எடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. மறுத்தார் என்பதையும் மறைக்காமல் குறிப்பில் எழுதுங்கள்.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 65-ஆவது பிரிவின்படி, மீட்புக்குத் தேவையான பொருள், வாகனம், இடம் எதையும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ எடுத்துக்கொள்ள உத்தரவிடலாம். 66-ஆவது பிரிவின்படி உரியவருக்கு இழப்பீடு உண்டு. ஆகவே தொலைபேசியில் அதிகாரி கிடைத்தால் 'உடைக்கலாமா சார்' என்று மட்டும் கேட்காதீர்கள். '65-ஆவது பிரிவில் உத்தரவு போடுங்கள், ஒரு வரி குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள்' என்று கேளுங்கள். ரேஷன் கடைக்கும் இதே வழிதான். பக்கத்தில் ரேஷன் கடை இருந்தால் தனியார் கடைக்கு முன் அதைத்தான் முயல வேண்டும்.

யாரும் கிடைக்கவில்லை என்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவு இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இதுவே 81. கெட்ட எண்ணமில்லாமல், பெரிய தீங்கைத் தடுக்க, நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்கிறது. பெருந்தீ பரவாமலிருக்க நடுவில் உள்ள வீட்டை இடிப்பதைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. நல்லெண்ணம் இருந்ததா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். அதற்கு அத்தாட்சி நீங்கள் எழுதி வைத்த தாள்.

24 மணி நேரத்துக்குள் உதவி வருவது உறுதி என்றால் அரிசிக்காகப் பூட்டைத் தொடாதீர்கள். உடல் நலமுள்ள பெரியவர் ஒரு நாள் பசி தாங்குவார். குழந்தை, கர்ப்பிணி, நோயாளி, குடிநீர் ஆகியவற்றுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது.

எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுங்கள்

கடைக்குள் போன பிறகு கணக்குப் போட்டால் கை நீளும். வெளியிலேயே, எல்லோர் முன்னிலையிலும் போடுங்கள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 30 கிராம், உப்பு 5 கிராம். சிறு பிள்ளைகளுக்குப் பாதி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். எல்லோரையும் பெரியவராகவே வைத்தால் 40 பேருக்கு இரண்டு நாளுக்கு அரிசி 32 கிலோ, பருப்பு 5 கிலோ, எண்ணெய் இரண்டரை லிட்டர், உப்பு அரை கிலோ, 20 லிட்டர் கேன் 12. இரண்டு நாளுக்கு மேல் எடுக்காதீர்கள். உதவி வரவில்லை என்றால் மறுபடி திறந்து, மறுபடி எழுதலாம். ஒரே தடவையில் ஒரு வாரத்துக்கு அள்ளினால் அடுத்த தெருக்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அரிசியைக் கேளுங்கள். சிலிண்டரும் இல்லை, விறகும் நனைந்துவிட்டது என்றால் அவல், பொரிகடலை, பிஸ்கட், வெல்லம், வாழைப்பழம்தான் உதவும். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச் பேட்டரி, சானிட்டரி நாப்கின், தார்ப்பாய் எல்லாம் தேவைப் பட்டியலில் வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 'இருக்கட்டும்' என்று பால்பவுடர் எடுக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்த பால்பவுடர் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

திறக்கும் விதம்

ஐந்து பேர் போதும். ஒரே குடும்பம், ஒரே சாதி, ஒரே கட்சி என்று இருக்கக் கூடாது. பெண்கள் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் பொருளை எடுப்பார், ஒருவர் பெயரும் விலையும் உரக்கப் படிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் வீடியோ எடுப்பார், ஒருவர் வாசலில் நிற்பார். வேறு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'நானும் கை கொடுக்கிறேன்' என்று ஆறாவது ஆள் நுழைந்தால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். அப்புறம் எழுதுபவர் கை ஓயும்.

பூட்டை மட்டும் அறுங்கள், ஷட்டரை நெம்பாதீர்கள். கடப்பாரை போட்டு ஷட்டர் தகட்டை வளைத்தால் அது திரும்ப இறங்காது; நீங்கள் போன பிறகு கடை திறந்த வீடாகக் கிடக்கும். இரண்டு ஓரத்திலும் தொங்கும் பூட்டுகளை ரம்பத்தகடு போட்டு அறுத்தால் வளையம் தப்பும், வேறு பூட்டு மாட்டலாம். நடுவில் உள் பூட்டும் இருந்தால் அந்தக் கடையை விட்டுவிட்டு வேறு கடை பார்ப்பது நல்லது. மாற்றுப் பூட்டு கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

உள்ளே தண்ணீர் நின்றால், மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பது உறுதியாகும்வரை இறங்காதீர்கள். தெருவில் மின்சாரம் இல்லை என்பதால் கடையில் இல்லை என்று ஆகாது, இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம். எரிவாயு வாடை அடித்தால் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே நில்லுங்கள், டார்ச்சைக்கூட அங்கே வைத்துத் தட்ட வேண்டாம். தரைமட்டச் சாக்குகளுக்கு இடையில் பாம்பு இருக்கும். கோலால் தட்டிவிட்டுக் கை வையுங்கள்.

வெள்ளம் தொட்ட எதையும் எடுக்காதீர்கள். அடிவரிசை மூட்டை வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே கட்டி கட்டியிருக்கும். உப்பிய டின், ஓரம் பிரிந்த பாக்கெட், மூடி மட்டத்துக்கு நீர் ஏறிய எண்ணெய் எதுவும் வேண்டாம். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரியும். அதற்கு மேல் தட்டில் உள்ளதுதான் சாப்பிடத் தகுந்தது.

தாள்

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பால்பாயின்ட் பேனா எடுங்கள். ஜெல் பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். கார்பன் தாள் வைத்து மூன்று படி. ஒன்று கடைக்குள், பிளாஸ்டிக் உறையில், வெள்ளக் கோட்டுக்கு மேல் கண் மட்டத்தில் ஆணியில் தொங்க வேண்டும். ஒன்று வி.ஏ.ஓ.வுக்கு. ஒன்று உங்களிடம். மூன்றையும் கைபேசியில் படம் பிடித்துக் குறைந்தது இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

தாள் இப்படி இருக்கட்டும்:

'டிச. 4, காலை 10.40. மேலத் தெரு பள்ளி மாடியில் இருக்கும் 40 பேருக்காக. உரிமையாளருக்கு 3-ஆம் தேதி மாலை 6.15-க்குச் செய்தி அனுப்பினோம், பதில் இல்லை. இடப்பக்கப் பூட்டும் வலப்பக்கப் பூட்டும் அறுத்தோம். எடுத்தவை: பொன்னி அரிசி 25 கிலோ மூட்டை 1, ஒரு கிலோ பை 7, துவரம்பருப்பு ஒரு கிலோ 5, கடலெண்ணெய் ஒரு லிட்டர் 2, அரை லிட்டர் 1, கல் உப்பு அரை கிலோ 1, தீப்பெட்டி 4, மெழுகுவர்த்தி பாக்கெட் 2. கல்லாவைத் தொடவில்லை, வீடியோ இருக்கிறது. புதுப் பூட்டுச் சாவி பள்ளித் தலைமையாசிரியரிடம். பணம் தருவோம்.' கீழே ஐந்து பேர் பெயர், கதவு எண், கைபேசி எண், கையெழுத்து.

பாக்கெட்டில் அச்சிட்ட விலை இருந்தால் பக்கத்திலேயே எழுதுங்கள். 'அரிசி கொஞ்சம்' என்று ஒரு வரி இருந்தால் கடைக்காரர் முழுத் தாளையும் நம்ப மாட்டார், நம்ப வேண்டியதும் இல்லை.

மருந்துக்கடை

மருந்தைத் தெரிந்தவர் இல்லாமல் திறக்காதீர்கள். செவிலியர், மருந்தாளுநர், கால்நடை மருத்துவர்கூடப் பரவாயில்லை. நோயாளியின் பழைய சீட்டோ காலி அட்டையோ கையில் இருக்க வேண்டும். அதில் இருப்பதை மட்டும், அதே மில்லிகிராமில், ஒரு வாரத்துக்கு எடுங்கள்.

இன்சுலினில் உயிர் போகும் தவறு ஒன்று உண்டு. நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜில் வருவது 100 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் உண்டு. 40-க்கான ஊசி சிவப்பு மூடி, 100-க்கானது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் இறங்கும், சர்க்கரை ஒரேயடியாக விழுந்துவிடும். மருந்தையும் ஊசியையும் சேர்த்தே எடுங்கள், இரண்டிலும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரம் போன குளிர்பதனப் பெட்டியில் இருந்த பிரிக்காத இன்சுலின் 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 28 நாள் தாங்கும். உறைந்ததை, தெளிவாக இருக்க வேண்டியது கலங்கிப்போனதைத் தொடாதீர்கள். தூக்க மாத்திரை, போதை தரும் வலி மருந்து இருக்கும் அலமாரி பூட்டியே இருக்கட்டும்.

'அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கும்'

கல்லா, சிகரெட், செல்போன், மது, துணி, மின்சாதனம் எதற்கும் இந்தக் குறிப்பில் இடம் இல்லை. குளிரில் நடுங்கும் குழந்தைக்குப் போர்வை எடுக்கலாம், டி.வி.க்கு நியாயம் கிடையாது. 'பெரிய கடைதானே, இன்சூரன்ஸ் தரும்' என்பது அடிக்கடி காதில் விழும் சமாதானம். வழக்கமான தீ மற்றும் சிறப்பு இடர்ப் பாலிசியில், வெள்ளம் போன்ற இடரின்போதோ அதன் பிறகோ நடக்கும் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்றே விலக்கு எழுதியிருப்பார்கள். 2021-இல் வந்த, ஐந்து கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு நிறுவனங்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்கு இழப்பீடு உண்டு. ஆனால் பெட்டிக்கடைக்காரரிடம் எந்தப் பாலிசியும் இருக்காது. அவர் முதல் முழுக்க அந்த நான்கு தட்டில்தான் இருக்கிறது. வேறு கடை இருக்கும்போது பெட்டிக்கடையைத் திறக்காதீர்கள்.

நிவாரண லாரி

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபின், நிவாரணப் பொருள் ஏற்றி வந்த வண்டிகளைச் சாலையோர ஊர்க்காரர்களே மறித்து இறக்கிக்கொண்டார்கள். மறித்தவர்களும் பசியில் இருந்தவர்கள்தான். ஆனால் உள்ளே தள்ளி இருந்த குடியிருப்புகளுக்கு வண்டி போகவில்லை. வண்டி அனுப்புகிறவர்கள் இதை எதிர்பார்த்து, சாலையோர ஊர்களுக்கென்று தனிச் சிறு வண்டி ஒன்றை முன்னால் விட வேண்டும். மறிக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் குடும்ப எண்ணிக்கையைச் சொல்லி அந்த அளவு மட்டும், எழுதிக் கொடுத்து இறக்கலாம். அதற்கு மேல் இறக்கியது பக்கத்து ஊர்ச் சோறு.

ஓடும் வண்டியிலிருந்து எறியாதீர்கள். டோக்கனை முதல் நாளே வீடு தேடிப் போய்க் கொடுங்கள். கொடுக்கும் இடத்தில் டோக்கன் கொடுக்காதீர்கள். 2005 டிசம்பர் 18 அதிகாலை சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணத்துக்காகக் காத்திருந்த கூட்டத்தின் நெரிசலில் 42 பேர் இறந்தார்கள். ஒரே வாயில் உள்ள இடம், விடியும் முன் சேரும் கூட்டம், 'இன்றோடு முடிகிறது' என்ற வதந்தி: இந்த மூன்றும் சேர விடாதீர்கள். நிவாரணப் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தனக்கென ஒதுக்கினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

அடித்து வந்தவை

வெள்ளம் கொண்டுவந்து போட்ட சிலிண்டர், பீரோ, படகு, மாடு எல்லாவற்றுக்கும் உரியவர் எங்கோ இருக்கிறார். பத்திரப்படுத்த எடுப்பது குற்றமில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தனதாக்கினால் நியாய சன்ஹிதா 314-இல் குற்றம். எடுத்த இடம், நேரம், படம் குறித்து, காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானியக் கடற்கரைகளில் ஒதுங்கிய ஆயிரக்கணக்கான இரும்புப் பணப்பெட்டிகளை மக்கள் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள்.

இறந்தவர் உடலில் இருக்கும் தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல் எதையும் 'பத்திரமாக இருக்கட்டும்' என்றுகூடக் கழற்றாதீர்கள். முகம் அடையாளம் தெரியாமல் போன பிறகு, கணவரும் பிள்ளைகளும் அந்த மெட்டியை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். போலீஸ் வரும்வரை துணி போர்த்தி ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

ஒருவர் பிடிபட்டால்

கம்பத்தில் கட்டாதீர்கள், அடிக்காதீர்கள், வீடியோ போட்டுப் பரப்பாதீர்கள். எதை எடுத்தார் என்று முதலில் பாருங்கள். பால்பவுடரும் ரொட்டியும் என்றால் தாளில் அவர் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு அனுப்புங்கள். வேறு பொருள் என்றால் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள். கண்ணெதிரே நடந்த, ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றத்துக்கு மட்டுமே பொதுமக்கள் ஒருவரைப் பிடித்து வைக்கலாம். அதுவும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு.

'கொள்ளைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்' என்ற குரல்செய்தியை மேலே அனுப்பாதீர்கள். பேரிடர்களைப் பல பத்தாண்டு ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி, இயற்கைப் பேரிடர்களில் சூறையாடல் மக்கள் நம்புவதைவிட மிக அரிது என்று திரும்பத் திரும்ப எழுதினார். அந்தச் செய்தியைக் கேட்டு வீட்டைக் காக்கத் தங்கிவிடுபவர்கள், தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். தெருவுக்கு இருவர் முறை வைத்து மொட்டைமாடியிலிருந்து விளக்கடித்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். வயதானவர்கள் அப்போதுதான் முகாமுக்குக் கிளம்புவார்கள்.

பணம் கொடுப்பது

கடைக்காரர் திரும்பி வந்த அன்றே, அவர் தேடி வரும் முன் நீங்கள் போங்கள். தாளை வைத்துக் கூட்டுங்கள்: அச்சிட்ட விலைக்கே, தள்ளுபடி கேட்காமல்; இரண்டு பூட்டின் விலை தனி. மொத்தத்தைத் தலைக்கணக்கில் பிரிக்காமல் குடும்பங்களின் வசதிக்கேற்பப் பிரியுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது. பணமில்லாதவர்கள் கடையில் படிந்த சேற்றை வாரிக் கொடுக்கலாம். ஒரு மளிகைக்கடையைக் கழுவ நாலு பேருக்கு ஒரு முழு நாள் வேலை இருக்கும்.

பத்துப் பேர் முன்னால் 'பரவாயில்லை அண்ணாச்சி, புண்ணியம்னு நினைச்சுக்கோங்க' என்று சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள். வேண்டாம் என்று அவராகச் சொன்னால் அது அவர் பெருமனது. பணத்தை மேசைமேல் வைத்த பிறகுதான் அந்தப் பேச்சே எழ வேண்டும். வாங்கிக்கொண்டால் மூன்று படியிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி, மாற்றுப் பூட்டின் சாவியை அவர் கையில் கொடுங்கள்.